தனிப் பந்தி



யோசேப்பின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பைபிளில் படித்திருப்பீர்கள், குர்ஆனில் யூசுப் நபியின் வரலாறாகக் கேட்டிருப்பீர்கள். பொறாமை கொண்ட அண்ணன்மார் தம்பியைக் குழியில் தள்ளுகிறார்கள். அவன் அடிமையாக எகிப்துக்குப் போய், பிற்பாடு அந்த நாட்டுக்கே அதிபதியாகிறான். பஞ்சம் வருகிறது. தானியம் வாங்க அதே அண்ணன்மார் அவன் முன்னால் வந்து நிற்கிறார்கள். இன்று நான் பேச வந்தது அந்தக் குழியைப் பற்றியோ பலவர்ண அங்கியைப் பற்றியோ அல்ல. ஆதியாகமம் 43-ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு சாப்பாட்டைப் பற்றி.

சகோதரர்கள் பதினொரு பேரும் யோசேப்பின் வீட்டில் விருந்துக்கு உட்காருகிறார்கள். தங்களுக்கு விருந்து வைப்பவன் தங்கள் சகோதரன்தான் என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. உணவு மூன்று இடங்களில் பரிமாறப்படுகிறது. யோசேப்புக்குத் தனியாக, சகோதரர்களுக்குத் தனியாக, அவனோடு சாப்பிடும் எகிப்தியருக்குத் தனியாக. எபிரேயரோடு சேர்ந்து உண்பது எகிப்தியருக்கு அருவருப்பு என்று அங்கேயே காரணமும் சொல்லப்படுகிறது.

பந்தி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யாருக்கு முதல் பந்தி, யாருக்கு வாசலோடு சரி என்பதில் எத்தனை நூற்றாண்டுக் கணக்கு அடங்கியிருக்கிறது என்பதை அறிந்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஒரு கேள்வி நமக்கு உடனே எழும். மூன்று பந்தியில் இரண்டு புரிகிறது. யோசேப்பு ஏன் தனியாக உட்கார்ந்தான்? எகிப்தியரோடு உட்கார முடியாது, ரத்தம் எபிரேயம். சகோதரர்களோடு உட்கார முடியாது, உடை எகிப்து. பதவியின் உயரம்தான் காரணம் என்று விளக்குபவர்கள் உண்டு, அதுவும் சரியாக இருக்கலாம். ஆனால் கதை சொன்னவர் அந்தத் தனி இடத்தை நம் கண்முன் வைத்துவிட்டார். அதை மறக்க முடியவில்லை.

எபிரேயரின் தெய்வத்துக்கும் எகிப்தின் தெய்வங்களுக்கும் நடுவே இழுபடும் உடன்பிறப்புகளைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கதை எழுதிவருகிறார்கள். அவற்றில் எது உயிரோடு நிற்கிறது, எது பொம்மலாட்டமாகிப் போகிறது என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் இந்தப் பந்திதான். பிளவை எழுத்தாளர் எங்கே வைக்கிறார்? போர்க்களத்திலா, அரசவையிலா, ஒரு வீட்டில் பிறந்தவர்கள் சேர்ந்து சாப்பிட முடியாமல் போகும் அந்தக் கூடத்திலா?

யோசேப்பு எவ்வளவு தூரம் எகிப்தியனாகிவிட்டான் என்பதை மூலக்கதையே ஒளிக்காமல் சொல்கிறது. பார்வோன் அவனுக்கு சாப்நாத்பன்னேயா என்று பெயர் வைக்கிறான். மெல்லிய லினன் உடை, முத்திரை மோதிரம், கழுத்தில் பொற்சங்கிலி. ஓன் நகரத்து ஆசாரியன் போத்திபிராவின் மகள் ஆஸ்நாத் மனைவி. ஓன் என்பது கிரேக்கர் ஹீலியோபோலிஸ் என்று அழைத்த நகரம், சூரிய வழிபாட்டின் தலைமை இடம். மாமனார் வீடு சூரியக் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன்மாரிடம் பேசும்போது மொழிபெயர்ப்பாளனை நடுவில் வைத்துக்கொள்கிறான். பார்வோனின் உயிர்மேல் ஆணையிடுகிறான். குறி பார்க்கும் வெள்ளிப் பாத்திரம் ஒன்று தன்னிடம் இருப்பதாகத் தன் ஆளை விட்டுச் சொல்லவைக்கிறான். ஆபிரகாமின் கொள்ளுப்பேரன் இவன். அண்ணன்மாருக்கு அடையாளம் தெரியாமல் போனதற்கு இருபது வருட இடைவெளி மட்டுமா காரணம்?

மூத்த மகனுக்கு அவன் வைத்த பெயரைக் கேளுங்கள். மனாசே. என் வருத்தத்தையும் என் தகப்பன் வீட்டையும் மறக்கச் செய்தார் என்பது அந்தப் பெயருக்கு அவனே சொன்ன பொருள். பெற்ற பிள்ளையைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் தகப்பன் வீட்டை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவன், தகப்பன் வீட்டை மறக்கவே இல்லை. இரண்டாவது மகன் எப்பிராயீம், துன்பப்பட்ட நாட்டில் பலுகச் செய்தார் என்ற பொருளில். எல்லாம் கிடைத்த பிறகும் எகிப்து அவனுக்குத் துன்பப்பட்ட நாடுதான். இரண்டு பெயர்களும் இரண்டு பக்கம் இழுக்கின்றன.

இந்த இரண்டு பையன்களும் பாட்டனார் யாக்கோபின் படுக்கையருகே கொண்டுவரப்படும் காட்சியை நான் எத்தனை முறை படித்தாலும் ஒரு சொல்லில் நின்றுவிடுகிறேன். கண் மங்கிய கிழவர் கேட்கிறார்: இவர்கள் யார்? பார்வை மங்கியதால் கேட்டார் என்று கொள்ளலாம். எதிரே நின்றவர்கள் சூரிய ஆசாரியனின் பேரன்கள், எகிப்தில் பிறந்து எகிப்தில் வளர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால் அதற்குச் சற்று முன்பே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ரூபனும் சிமியோனும் போல இவர்களும் என் பிள்ளைகள். பேரன்களைப் பிள்ளைகளாக எடுத்துக்கொள்கிறார். இனிமேல் பிறப்பவர்கள் உன்னுடையவர்களாக இருக்கட்டும், இந்த இருவர் என்னுடையவர்கள். பிறகு கைகளைக் குறுக்காக மாற்றி, இளையவன் தலையில் வலது கையை வைக்கிறார். இன்றும் யூதக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை இரவு ஆண் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் இருக்க வாழ்த்துகிறார்கள். எகிப்திய ஆசாரியனின் மகள் வயிற்றில் பிறந்த இருவர், யூதப் பிள்ளைகளுக்கு முன்மாதிரி.

பிற்காலத்து யூத ஆசிரியர்களுக்கு இது உறுத்தியது. ஆஸ்நாத் எகிப்தியப் பெண்ணே அல்ல, யாக்கோபின் மகள் தீனாளுக்குப் பிறந்து எகிப்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட குழந்தை என்று ஒரு கதை கட்டினார்கள். அந்த உறுத்தலுக்கு நான் மரியாதை தருகிறேன். ஒரு குடும்பம் தன் மருமகளை ஏற்றுக்கொள்ள எத்தனை சுற்றுவழி தேடும் என்பதற்கு அது சான்று.

அந்த உறுத்தலுக்கு இன்னொரு விடை, ஒரு முழு நாவலாகவே எழுதப்பட்டது. யோசேப்பும் ஆஸ்நாத்தும் என்று இன்று வழங்கும் கிரேக்க நூல். எழுதியவர் பெயர் இல்லை. எகிப்தில் வாழ்ந்த யூதர் ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் முதற்பாதியில் ஆஸ்நாத் தன் தெய்வ உருவங்களை ஜன்னல் வழியாக வெளியே எறிகிறாள், சாம்பலில் அமர்ந்து அழுகிறாள், மதம் மாறி யோசேப்பை மணக்கிறாள். அந்தப் பாதியை நான் அதிகம் மதிக்கவில்லை. எறியப்படும் அந்தத் தெய்வங்கள் அவளுக்கு என்னவாக இருந்தன என்று நூல் நின்று கேட்பதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கேயும் பந்தி வருகிறது. போத்திபிராவின் வீட்டில் யோசேப்புக்குத் தனி மேசை போடுகிறார்கள். இம்முறை காரணம் தலைகீழ்: எகிப்தியரோடு உண்பது யோசேப்புக்கு அருவருப்பாம். ஆதியாகமத்தில் ஒதுக்கியவர்கள் எகிப்தியர். இங்கே ஒதுக்குபவன் எபிரேயன். மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது, அருவருப்பு கைமாறிவிட்டது. அந்நிய மண்ணில் சிறுபான்மையாக வாழும் ஒரு சமூகம் தன் மானத்தைக் காத்துக்கொள்ள இப்படித்தான் கதையைத் திருப்பி எழுதும்.

இரண்டாம் பாதிதான் நம் பொருளுக்குத் தங்கச் சுரங்கம். ஆஸ்நாத்மேல் ஆசை வைத்த பார்வோனின் மூத்த மகன் யோசேப்பைக் கொல்லத் திட்டமிடுகிறான். முதலில் சிமியோனையும் லேவியையும் அழைக்கிறான், அவர்கள் மறுக்கிறார்கள். பிறகு தாண், காத், நப்தலி, ஆசேர் என்ற நால்வரை அழைக்கிறான். ஏன் இந்த நால்வர்? இவர்கள் பில்காள், சில்பாள் என்ற வேலைக்காரிகளின் பிள்ளைகள். உங்கள் தம்பி உங்களை வேலைக்காரி பிள்ளைகள் என்று சொன்னான், தகப்பன் செத்ததும் உங்களைத் தீர்த்துவிடப் போவதாகச் சொன்னான், என் காதால் கேட்டேன் என்று அவன் பொய் சொல்கிறான். தாணும் காத்தும் பதிலுக்கு வாள் எடுக்கிறார்கள். நப்தலியும் ஆசேரும் தயங்குகிறார்கள். ஒருமுறை விற்றது போதாதா என்று கேட்கிறார்கள். ஆனாலும் அண்ணன்மாரோடு போய்விடுகிறார்கள்.

எழுத்தாளர் இங்கே கண்டுபிடித்ததைப் பாருங்கள். எகிப்தின் இளவரசன் பக்கம் போன நால்வரும் எகிப்தின் ஓசிரிஸ் தெய்வத்தை நம்பிப் போகவில்லை. சூரியனை வணங்கிப் போகவில்லை. வீட்டில் இளப்பமாக நடத்தப்பட்டதால், அல்லது நடத்தப்படுவோம் என்ற பயத்தால் போனார்கள். சமயங்கள் மோதுவதாக வெளியில் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் எந்தத் தாயின் பிள்ளை என்ற பழைய புண். இறுதியில் நால்வர் உயிரையும் காப்பாற்றுவது எகிப்தியப் பெண் ஆஸ்நாத். தீமைக்குத் தீமை செய்யாதீர்கள் என்று சிமியோனிடம் மன்றாடுகிறாள். தன்னைக் கொல்ல வந்த கணவனின் அண்ணன்மாரை மன்னிக்கும் மருமகளிடம்தான் அந்த நூலின் சமயம் உண்மையாகிறது.

இனி நவீன காலத்துக்கு வருகிறேன். தாமஸ் மன் 1926-இல் எழுதத் தொடங்கி 1943 ஜனவரியில் முடித்த யோசேப்பும் அவன் சகோதரர்களும் நான்கு பாகங்கள் கொண்டது. முதல் பாகம் 1933-இல் பெர்லினில் வெளிவந்தது. அந்த ஆண்டே எழுத்தாளர் நாடிழந்தார். மூன்றாம் பாகம் வியன்னாவில், நான்காம் பாகம் ஸ்டாக்ஹோமில். யூதர்களின் மூதாதையர் கதையை ஒரு ஜெர்மானியர், அந்த ஆண்டுகளில், அத்தனை அன்போடு எழுதினார் என்பதே ஒரு செயல்.

ஆனால் நான் மன்னைப் போற்றுவது வேறொரு காரணத்துக்காக. அவர் எகிப்துக்கு நியாயம் செய்தார். யாக்கோபுக்கு எகிப்து செத்தவர்களின் நாடு, பாதாளம், சேறு. அந்த வெறுப்பை மன் முழுமையாக எழுதுகிறார். பிறகு வாசகரை யோசேப்போடு அந்த நாட்டுக்குள் அழைத்துப்போய், அங்கேயும் கடவுளைப் பற்றி நேர்மையாகத் தவிக்கும் மனிதர்களைக் காட்டுகிறார். யோசேப்பை அடிமையாக வாங்கிய போத்திபாரின் கிழப் பெற்றோரான ஹூயும் தூயும் அண்ணன் தங்கை, எகிப்திய வழக்கப்படி கணவன் மனைவி. காலம் மாறுகிறது, தெய்வங்கள் மாறுகின்றன என்று பயந்து, புதிய ஒளித் தெய்வத்துக்குப் பரிகாரமாகத் தங்கள் மகனைக் குழந்தையிலேயே அண்ணகனாக்கிவிட்டவர்கள். இரண்டு கிழவர்களும் இருட்டில் உட்கார்ந்து, நாம் செய்தது சரிதானே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் பக்கங்கள் என்னைக் கலங்கடித்தவை. சமயத் தடுமாற்றம் எபிரேயருக்கு மட்டும் உரியதல்ல, எகிப்தியருக்கும் அது உண்டு என்று அந்த இடத்தில் நாவல் ஒப்புக்கொள்கிறது.

இதைத்தான் பெரும்பாலான நாவல்கள் செய்வதில்லை. எகிப்து என்றால் சவுக்கு, பிரமிடு, பூனைத் தலைச் சிலை, மொட்டையடித்த தந்திரப் பூசாரி. அப்படி எழுதிவிட்டால் தம்பி எகிப்துப் பக்கம் சாய்வதற்கு ஆசையோ பயமோதான் காரணமாக இருக்க முடியும். தங்கை கோயிலுக்குப் போனால் அவள் ஏமாளி. பிறகு என்ன தவிப்பு? தராசில் ஒரு தட்டில் எதுவுமே வைக்காமல் மறு தட்டு கனக்கிறது என்று காட்டுவது எழுத்தல்ல.

அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். எகிப்தியருக்கு இறந்தவர் போய்விட்டவர் அல்லர். உடல் பதனிடப்பட வேண்டும், பெயர் சொல்லப்பட வேண்டும், அப்பமும் பீரும் படைக்கப்பட வேண்டும். அதைச் செய்வது பிள்ளையின் கடமை. இறந்தவரின் இதயம் ஒரு தட்டிலும் மாத் என்ற உண்மைத் தெய்வத்தின் இறகு மறு தட்டிலும் வைத்து நிறுக்கப்படும் என்று நம்பினார்கள். வாழ்ந்த வாழ்வுக்குக் கணக்கு உண்டு, நல்லவருக்கு ஓசிரிஸின் நாட்டில் வயலும் உண்டு. எபிரேயரின் பழைய நூல்களில் இறந்தவருக்கு என்ன இருக்கிறது? ஷியோல் என்ற மௌனமான பாதாளம். அங்கே துதியும் இல்லை, நினைவும் இல்லை. இப்போது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் இறந்துவிட்டாள். அண்ணன் சொல்கிறான், நம் தெய்வம் ஒன்றே, படையல் கூடாது. தங்கைக்குத் தெரியும், படையல் நின்றால் அம்மா பட்டினி. அவள் ஓசிரிஸிடம் நிற்பது ஓசிரிஸுக்காகவா, அம்மாவுக்காகவா? இந்தக் கேள்வி எழுதப்படாத எந்த எகிப்து நாவலையும் என்னால் நம்ப முடிவதில்லை. திதி கொடுக்கும் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்தக் கனம் சொல்லாமலே புரியும்.

மூலக்கதைக்கே இது தெரிந்திருக்கிறது. யாக்கோபு இறந்ததும் நாற்பது நாள் எகிப்திய முறையில் உடலைப் பதனிடுகிறார்கள், எகிப்தியர் எழுபது நாள் துக்கம் காக்கிறார்கள். யோசேப்பும் அப்படியே பதனிடப்பட்டு எகிப்தில் ஒரு பெட்டியில் வைக்கப்படுகிறான். ஆதியாகமம் முடிவது அந்தப் பெட்டியில்தான். பிறகு எபிரேயரை மீட்டுக்கொண்டு மோசே எகிப்தை விட்டுப் புறப்படும்போது யோசேப்பின் எலும்புகளை எடுத்துச் செல்கிறார். கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டிக்கும் யோசேப்பின் பெட்டிக்கும் எபிரேயத்தில் சொல் ஒன்றே. இரண்டு பெட்டிகளும் பாலைவனத்தில் அருகருகே போயின என்று பழைய யூத ஆசிரியர்கள் வியந்திருக்கிறார்கள். சிலை செய்யாதே என்ற கட்டளையும் எகிப்திய முறையில் பதனிடப்பட்ட உடலும் ஒரே பயணத்தில்.

மோசேயிடம் வந்துவிட்டோம். மோசே, ஆரோன், மிரியாம் என்ற மூன்று உடன்பிறப்புகள்தான் இந்தப் பொருளில் அதிகம் எழுதப்பட்டவர்கள். ஒருவன் அரண்மனையில் வளர்ந்தவன். மற்ற இருவர் அடிமைக் குடியிருப்பில். மோசே என்ற பெயரே துத்மோஸ், ராமேசஸ் போன்ற எகிப்தியப் பெயர்களில் வரும் பிறந்தவன் என்ற பகுதிதான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். எந்தத் தெய்வத்துக்குப் பிறந்தவன் என்ற முன்பகுதி மட்டும் இல்லை. ஆரோனின் பேரன் பினெகாஸ், ஆசாரிய வம்சத்தின் தூண். அவன் பெயரும் எகிப்தியப் பெயர். எகிப்து அந்த வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது.

சிசில் பி. டெமில் 1956-இல் எடுத்த பத்துக் கட்டளைகள் படத்தை நம் ஊர்க் கொட்டகைகளில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். டோரதி கிளார்க் வில்சன் 1949-இல் எழுதிய எகிப்தின் இளவரசன் என்ற நாவல் அதன் மூலங்களில் ஒன்று. கடல் பிளந்தது கண்ணை விட்டு அகலாது. ஆனால் அங்கே மோசேயும் ராமேசஸும் அரியணைக்கும் ஒரு பெண்ணுக்கும் போட்டியிடும் இருவர், அவ்வளவுதான். 1998-இல் வந்த எகிப்தின் இளவரசன் என்ற கார்ட்டூன் படம் அதைவிட ஆழமாகப் போயிற்று. அங்கே இருவரும் ஒன்றாக வளர்ந்து, ஒருவரையொருவர் உண்மையாகவே நேசிக்கும் அண்ணன் தம்பி. வாதைகள் விழும்போது மோசே அழுகிறான், ஏனென்றால் விழுவது அண்ணன் வீட்டின்மேல். அந்தப் படமும் எகிப்தியப் பூசாரிகள் இருவரைக் கோமாளிகளாக்கிவிட்டது என்பது என் வருத்தம்.

1939-ஆம் ஆண்டு இந்தப் பொருளில் ஒரு விந்தையான ஆண்டு. பிராய்டு மோசே ஓர் எகிப்தியரே என்று வாதிட்ட நூல் முழுமையாக வெளிவந்தது. அதன் முதல் கைப்பிரதிக்கு அவர் வரலாற்று நாவல் என்றே துணைத்தலைப்பு வைத்திருந்தார். அதே ஆண்டில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் மலையின் மனிதன் மோசே என்ற நாவலை வெளியிட்டார். நைல் கரையில் ஒளித்துவைத்த கைக்குழந்தைத் தம்பியின் கூடையைக் காவல் காக்க மிரியாமை வைக்கிறார்கள். சின்னப் பிள்ளை, தூங்கிப்போகிறாள். கண்விழித்தால் கூடை இல்லை. தாயிடம் அடிபடாமல் இருக்க, இளவரசி எடுத்துப்போனாள் என்று சொல்லிவிடுகிறாள். குடியிருப்பு முழுக்க அந்தச் செய்தி பரவுகிறது. அரண்மனையில் நம் பிள்ளை வளர்கிறான் என்று அடிமைகள் தலைநிமிர்கிறார்கள். அரண்மனையில் வளரும் மோசே உண்மையில் அவள் தம்பிதானா? நாவல் கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை.

ஒரு சிறுமி தூங்கிப்போனதை மறைக்கச் சொன்ன வார்த்தையின்மேல் ஒரு மக்களினமே எழுந்து நடக்கிறது. ஹர்ஸ்டன் இதைக் கேலியாக எழுதவில்லை. அடிமைப்பட்டவர்களுக்கு அந்த உறவு எவ்வளவு தேவைப்பட்டது என்று எழுதினார். அவருடைய எபிரேயர்கள் அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களின் பேச்சு மொழியில் பேசுகிறார்கள். மோசேக்கும் மிரியாமுக்கும் ஆரோனுக்கும் நடுவே நடக்கும் சண்டைகளில் சமயக் கோட்பாடு அதிகம் இல்லை. இவனை யார் என்று நினைத்து நாம் பின்னால் போகிறோம் என்ற உடன்பிறந்தவர்களின் சந்தேகமே இருக்கிறது. மோசே கதைகளில் ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

இதுவரை புனைவு. இனி பத்திரம். கதையாசிரியர் யாரும் கற்பனை செய்யாத, மையில் எழுதிக் கையெழுத்திட்ட ஆவணங்கள்.

எகிப்தின் தென்கோடியில், அஸ்வானுக்கு எதிரே நைல் நதியில் ஒரு தீவு. எலிபன்டைன், யானைத் தீவு. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில், பாரசீகர் ஆட்சியில், அங்கே யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். யாஹோ என்று அவர்கள் அழைத்த தங்கள் தெய்வத்துக்கு அங்கே கோயில் ஒன்று இருந்தது. அருகிலேயே ஆட்டுக்கடாத் தலை கொண்ட க்னூம் தெய்வத்தின் கோயில். அவர்கள் அராமேய மொழியில் எழுதிவைத்த பத்திரங்கள் வறண்ட மண்ணில் அழியாமல் கிடைத்திருக்கின்றன.

மிப்தஹியா என்ற யூதப் பெண்ணின் குடும்பத்தைப் பாருங்கள். அவள் கணவன் எஸ்ஹோர் எகிப்தியன், அரசுக் கட்டடக்காரன். பெயரிலேயே ஹோரஸ் தெய்வம் இருக்கிறது. ஒரு சொத்து வழக்கில் கி.மு. 440-இல் அவள் ஆணையிட்டது யாஹோவின் பெயரால் அல்ல, எகிப்தியத் தேவி சாத்தெத்தின் பெயரால். அவளுக்கு இரண்டு மகன்கள், யெதானியா, மஹ்சேயா. இரண்டும் அவள் பிறந்த வீட்டுப் பெயர்கள். அவள் தந்தை பெயர் மஹ்சேயா, தந்தையின் தந்தை பெயர் யெதானியா. பிற்காலப் பத்திரங்களில் இந்த மகன்களின் தகப்பன் பெயர் நாத்தான் என்ற எபிரேயப் பெயராக மாறிவிடுகிறது. எஸ்ஹோர் மதம் மாறினானா, பிள்ளைகள் தகப்பன் பெயரை மாற்றிக்கொண்டார்களா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். அந்த மாற்றம் நடந்த நாளில் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பத்திரத்தில் இல்லை. அதுதான் நாவலாசிரியருக்கு உரிய இடம்.

கி.மு. 410-இல் தாயின் அடிமைகளை இந்த இரண்டு சகோதரர்களும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒருவனுக்குப் பெத்தோசிரி, மற்றவனுக்கு பெலா. அந்த இரண்டு அடிமைகளும் ஒரு தாய் பிள்ளைகள். பெத்தோசிரி என்றால் ஓசிரிஸ் தந்தவன். அவர்கள் தாயையும் இன்னொரு மகனையும் இப்போதைக்குப் பிரிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். எகிப்தியனுக்குப் பிறந்து எபிரேயப் பெயர் தாங்கிய அண்ணன் தம்பி, கையில் எஜமானியின் பெயர் பொறிக்கப்பட்ட எகிப்திய அண்ணன் தம்பியைப் பிரித்துக்கொள்கிறார்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்தோம் என்று பஸ்கா பண்டிகையில் நினைவுகூரும் குலத்தின் பிள்ளைகள். அதே கி.மு. 410-இல்தான் க்னூமின் பூசாரிகளும் பாரசீக அதிகாரியும் சேர்ந்து யாஹோவின் கோயிலை இடித்தார்கள். பஸ்காவுக்கு ஆடு பலியிடுவது கடாத் தலைத் தெய்வத்தின் பக்தர்களுக்குப் பொறுக்கவில்லை என்று சிலர் காரணம் ஊகிக்கிறார்கள். பின்னால் அனுமதி வந்தபோது தூபமும் உணவுப் படையலும் மட்டும் அனுமதிக்கப்பட்டன; எரிபலி அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு வீடு. அனனியா, யாஹோ கோயில் ஊழியன். கி.மு. 449-இல் அவன் மணந்தது தாமெத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை. அவள் மெசுல்லாம் என்ற யூதனுக்குச் சொந்தம். அவர்களுக்கு பில்தி என்ற மகன், யெகோயிஷ்மா என்ற மகள். வீடு யாஹோ கோயிலுக்கு எதிரே, நடுவில் ஒரு தெரு. கி.மு. 427-இல் மெசுல்லாம் தாமெத்துக்கும் யெகோயிஷ்மாவுக்கும் விடுதலை எழுதிக்கொடுக்கிறான். அந்தப் பத்திரத்தில் பில்தியின் பெயர் இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து யெகோயிஷ்மாவுக்குக் கல்யாணம். பெண் கேட்டு வந்தவன் கேட்டது மெசுல்லாமின் மகன் சக்கூரிடம். பத்திரத்தில் அவள் சக்கூரின் சகோதரி. அடிமையாகப் பிறந்தவளுக்கு எஜமானின் மகன் அண்ணனாக நின்று, உடை, வெண்கலக் கண்ணாடி, பாத்திரம் என்று சீர் கொடுத்து அனுப்புகிறான். கி.மு. 402-இல் எழுதிய ஒரு பத்திரத்தில் தாய் தாமெத் யாஹோவின் ஊழியக்காரி என்றே குறிக்கப்படுகிறாள்.

அனனியா வீட்டுப் பத்திரங்களை 1893-இல் சார்லஸ் எட்வின் வில்பர் என்ற அமெரிக்கர் அஸ்வானில் விலைக்கு வாங்கினார். மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார். பெட்டியில் கிடந்தவை அவர் மகள் இறந்தபின் 1947-இல் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன, 1953-இல் அச்சாயின.

எழுதும் இளைஞர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அரியணையையும் வாதைகளையும் கடல் பிளந்ததையும் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பில்தியின் கதையை எழுதுங்கள். தங்கையின் கல்யாண வீட்டில், அண்ணன் என்ற இடத்தில் சக்கூர் நின்றிருந்தபோது, அவன் எந்தப் பந்தியில் உட்கார்ந்தான் என்று எழுதுங்கள்.